எலக்ட்ரோஸ்டாடிக் ஹெட்போன்: முதலில் தலைக்குப் பொருந்தட்டும், ஆம்ப் அப்புறம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எலக்ட்ரோஸ்டாடிக் ஹெட்போன் வாங்கும் எண்ணத்தில் கடைக்கு வருகிறவர்களும் போனில் கூப்பிடுகிறவர்களும் பெரும்பாலும் ஆம்ப்ளிஃபையரைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். எந்த ஆம்ப், பழைய ரேடியோவில் இருந்த மாதிரிக் கண்ணாடி வால்வா டிரான்சிஸ்டரா, எத்தனை வோல்ட் என்று. நாங்கள் பதிலுக்கு, "ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்பீர்கள்?" என்று கேட்கிறோம். பேச்சை மாற்றுவதற்காக அப்படிக் கேட்பதில்லை. இந்த வகை ஹெட்போனில் காதுக்குப் பொருந்துவதும் ஆம்பைத் தேர்ந்தெடுப்பதும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பெரிய தொகையைச் செலவழிப்பதற்கு முன் அதை விளக்கிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

சாதாரண ஹெட்போனில் காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கும். இதில் இரண்டும் கிடையாது. ஒன்றிரண்டு மைக்ரான் தடிமனே உள்ள ஒரு பிளாஸ்டிக் படலம், அதற்கு இரண்டு பக்கமும் துளையிட்ட தகடுகள், அவ்வளவுதான். படலத்துக்கு நிலையாக ஒரு உயர் மின்னழுத்தம் கொடுக்கப்படும். அதைத்தான் பயாஸ் என்கிறோம். இன்று பரவலாக இருக்கும் அளவு 580 வோல்ட். பாட்டின் சிக்னல் இரண்டு தகடுகளுக்கும் எதிரெதிராகப் போகும்போது, ஒரு தகடு படலத்தை இழுக்க, மற்றது தள்ள, படலம் முழுப் பரப்பும் சேர்ந்தாற்போல அசைகிறது. ஜப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம் 1960-ல் எஸ்ஆர்-1 என்ற ஹெட்போனை விற்பனைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து இந்த அடிப்படை மாறவில்லை. தம்புராவின் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் காதில் விழுவதற்குக் காரணம் அந்தப் படலத்தின் லேசான எடை.

ஆனால் அந்தப் படலம் அசைவதற்கு இருக்கும் இடம் ரொம்பக் குறைவு. தகட்டுக்கும் படலத்துக்கும் நடுவே அரை மில்லிமீட்டர்தான். அதனால் பேஸ், அதாவது கீழ்ஸ்தாயி ஒலி, சரியாகக் கேட்க வேண்டுமென்றால், படலத்துக்கும் உங்கள் காதுக்கும் இடையே உள்ள காற்று வெளியே கசியாமல் இருக்க வேண்டும். இயர்பேட், அதாவது காதைச் சுற்றி உட்காரும் மெத்தை, கன்னத்திலும் காதுக்குப் பின்னாலும் இடைவெளி இல்லாமல் படிந்தால்தான் அது நடக்கும். கண்ணாடியின் காம்பு, தாடை எலும்புக்குக் கீழே விழும் சின்னப் பள்ளம், அடர்த்தியான முடி, இதில் எது குறுக்கே வந்தாலும் பேஸ் போய்விடும். "எலக்ட்ரோஸ்டாடிக்கில் பேஸே இல்லை" என்று சொல்கிறவர்களில் பலர் கசிவோடு கேட்டவர்கள் என்பது எங்கள் எண்ணம். பேஸ் போதவில்லை என்று பெரிய ஆம்புக்கு மாறினாலும் கசிகிற இடத்தில் கசிந்துகொண்டேதான் இருக்கும்.

இதைச் சோதிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. மிருதங்கம் தெளிவாகப் பதிவான ஒரு கச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். தனி ஆவர்த்தனம் என்றால் இன்னும் நல்லது. இடது பக்கத் தொப்பியில் எழும் கும்கியை, அந்த ஆழ்ந்த நாதத்தை, கவனியுங்கள். அப்புறம் இரண்டு உள்ளங்கையாலும் ஹெட்போன் கூடுகளை மெல்ல, ரொம்ப மெல்ல, தலையோடு அழுத்திப் பாருங்கள். கும்கி சட்டென்று கனத்து, வளைந்து கேட்டால், அதுவரை கசிவு இருந்திருக்கிறது. அழுத்தியும் மாற்றம் இல்லை என்றால் பொருத்தம் சரி. அழுத்தும்போதோ மாட்டும்போதோ ஒரு சின்ன 'ப்ர்ர்' சத்தம் வரலாம். காற்றழுத்தத்தில் படலம் ஒரு கணம் தகட்டைத் தொட்டுத் திரும்புகிற சத்தம் அது. ஸ்டாக்ஸின் எஸ்ஆர்-007 மாடலில் இது அதிகம். பழுது என்று பயப்பட வேண்டாம். ஆனால் வேகமாக அமுக்கி மாட்டும் பழக்கம் வேண்டாம்.

எடை பற்றியும் சொல்ல வேண்டும். கேபிளைச் சேர்க்காமல் பார்த்தால், ஸ்டாக்ஸின் எல்300 சுமார் 320 கிராம், எல்700 சுமார் 370, எஸ்ஆர்-007ஏ சுமார் 365, எஸ்ஆர்-009எஸ் சுமார் 440, எஸ்ஆர்-எக்ஸ்9000 சுமார் 430. ஆடிசி நிறுவனத்தின் முதல் சிஆர்பிஎன் 300 கிராம் அளவுதான். எம்ஆர்ஐ கருவிக்குள் படுத்திருக்கும் நோயாளிக்கு ஹெட்போன் செய்யும் முயற்சியிலிருந்து கிளைத்த மாடல் அது. எண்களை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். 1979-லிருந்து வரும் லாம்ப்டா வடிவம், அதாவது எல்300, எல்500, எல்700 மூன்றுக்கும் உள்ள அந்த நீள்சதுரக் கூடு, பார்க்கப் பெரிதாக இருந்தாலும் தலையில் பாரம் தெரியாமல் உட்காரும். பெரிய காது உள்ளவர்களுக்குக் காது மடல் எங்கும் உரசாது. எல்300-ன் பிடி தளர்வு. சிலருக்கு அதுவே சுகம், சின்னத் தலைக்காரர்களுக்கு அதுவே கசிவு. எல்500-லும் எல்700-லும் வளைவின் உயரத்தைப் படிப்படியாக மாற்ற முடியும் என்பதால் பொருத்துவது எளிது.

எஸ்ஆர்-007 வட்டக் கூடு. அதன் இயர்பேட் எல்லாப் பக்கமும் ஒரே தடிமன் கிடையாது, சுழற்றவும் முடியும். தடித்த பக்கம் காதுக்குப் பின்னால் வரும்படி திருப்பி வைத்தால்தான் கழுத்துப் பக்கப் பள்ளம் அடைபடும். கடையில் இதை மாட்டிப் பார்ப்பவர்களுக்கு முதலில் பேடைத் திருப்பித்தான் கொடுக்கிறோம். கால் சுற்றுத் திருப்பியதும் "இது வேறு ஹெட்போனா?" என்று கேட்டவர்கள் உண்டு.

கேபிளும் சுகத்தில் சேர்த்திதான். இவற்றின் கேபிள் அகலமாக, தட்டையாக இருக்கும். கம்பிகளைத் தள்ளித் தள்ளி வைத்தால் அவற்றுக்கிடையே உள்ள மின்தேக்கம் குறையும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். தோளில் உரசும், வியர்வையில் ஒட்டும். தலையைத் திருப்பினால் இழுக்கும். நாற்காலிக்கும் ஆம்புக்கும் உள்ள தூரத்தை வீட்டில் அளந்துவிட்டு வாருங்கள். எல்500, எல்700 மாடல்களின் எம்கே2 என்ற இரண்டாம் பதிப்பில் கேபிளைக் கழற்றலாம், எல்300-ல் முடியாது.

நம் கடலோர ஊர்களின் புழுக்கம் இந்த ஹெட்போன்களுக்கு ஆகாது. செயற்கைத் தோல் பேட் வியர்வையும் ஈரமும் பட்டுப் பட்டு உரிய ஆரம்பிக்கும். எல்700-ல் இருப்பது போன்ற ஆட்டுத்தோல் கூடுதல் நாள் தாங்கும், சருமத்திலும் இதமாக இருக்கும். ஆனால் கேட்டு முடித்ததும் உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வைத்த நாளில் தயவுசெய்து மாட்டாதீர்கள். எண்ணெய் ஊறிய பேடைக் காப்பாற்ற எங்களுக்கு வழி தெரியவில்லை. தூசியும் ஈரமும் உள்ளே போனால் ஒரு பக்கம் சத்தம் குறையும், கீச்சென்று கத்தும். கேட்காத நேரத்தில் உறை போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வைப்பது நல்லது. பொட்டலம் நிறம் மாறினால் புதிது போடுங்கள்.

சரி, ஆம்புக்கு வருவோம். உங்களிடம் ஏற்கெனவே நல்ல ஹெட்போன் ஆம்ப் இருக்கலாம். அது இதற்கு உதவாது. சாதாரண ஆம்ப் சில வோல்ட்தான் தரும், இதற்கு நூற்றுக்கணக்கில் வேண்டும், கூடவே பயாஸும் வேண்டும். அதற்கென்று செய்த ஆம்பை வாங்க வேண்டும், இல்லையென்றால் ஸ்பீக்கர் ஆம்பின் வெளியீட்டை டிரான்ஸ்ஃபார்மர் மூலம் ஏற்றித் தரும் பெட்டி ஒன்றை இடையில் வைக்க வேண்டும். வீட்டில் அருமையான ஸ்பீக்கர் ஆம்ப் இருப்பவர்களுக்கு இரண்டாவது வழி சிக்கனமானது, தாராளமாகப் போகலாம்.

"விலை கூடின ஆம்ப் என்றால் சத்தம் கூடுமா?" என்ற கேள்விக்கு ஒரு கணக்கே போதும். லாம்ப்டா வரிசை ஹெட்போன்கள் 100 வோல்ட்டுக்கு 101 டெசிபல் தருபவை. ஸ்டாக்ஸின் சின்ன ஆம்பான எஸ்ஆர்எம்-252எஸ் அதிகபட்சம் 280 வோல்ட் தரும். அப்படியானால் சுமார் 110 டெசிபல். எஸ்ஆர்எம்-353எக்ஸ் 400 வோல்ட், அது 113. உச்சியில் இருக்கும் எஸ்ஆர்எம்-டி8000 470 வோல்ட், அது 114 சொச்சம். அடியிலிருந்து உச்சி வரை வித்தியாசம் நாலரை டெசிபல்தான். 110 டெசிபலில் நீடித்துக் கேட்பது காதைக் கெடுக்கும், யாருக்கும் நாங்கள் அதைச் சொல்ல மாட்டோம். ஆக, சத்தத்துக்காகப் பெரிய ஆம்ப் வாங்கத் தேவையே இல்லை.

வித்தியாசம் இருப்பது மேல்ஸ்தாயியில். இந்த ஹெட்போன் மின்சாரத்தின் கண்ணுக்கு ஒரு கன்டென்சர், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் பாகம். லாம்ப்டா வரிசையில் அந்த மின்தேக்கத்தின் அளவு 110 பிகோஃபாரட். 100 ஹெர்ட்ஸில் அதன் எதிர்ப்பு ஒரு கோடியே நாற்பத்தைந்து லட்சம் ஓம், ஆம்புக்கு வேலையே இல்லை. 10 கிலோஹெர்ட்ஸில் அது 145 கிலோ ஓமுக்கு இறங்கிவிடும், 20-ல் அதிலும் பாதி. 300 வோல்ட்டைத் தாங்கிக்கொண்டே 10 கிலோஹெர்ட்ஸில் 2 மில்லி ஆம்பியர், 20-ல் 4 மில்லி ஆம்பியர் கொடுக்க வேண்டும். எண் சின்னதாகத் தெரியலாம். ஆனால் அத்தனை வோல்ட்டில், அத்தனை வேகத்தில் அந்த மின்னோட்டத்தைத் தருவதற்கு வெளியீட்டுப் பகுதி எப்போதும் சூடாகவே ஓட வேண்டும். பெரிய ஆம்பின் எடையும் விலையும் வெப்பமும் அங்கேதான் போகின்றன. நாகஸ்வரமும் தவிலும் ஜால்ராவும் சேர்ந்து உச்சத்துக்குப் போகும் இடத்தில் சின்ன ஆம்பின் சத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். ஜால்ராவின் ஓரம் கூசத் தொடங்கும். நல்ல ஆம்பில் அது உலோகமாகவே நிற்கும். நீட்டிப்புக் கேபிள் போட்டால் மின்தேக்கம் கூடி ஆம்பின் பாடு இன்னும் அதிகமாகும், முடிந்தவரை தவிர்க்கலாம்.

எங்கள் பரிந்துரை இப்படி. இரவில் தணிந்த சத்தத்தில் பாட்டும் வீணையும் கேட்பவருக்கு எல்300-உம் சின்ன ஆம்பும் போதும், மனதாரச் சொல்கிறோம். எல்700 வாங்குபவர் 353எக்ஸ் அளவில் நிறுத்திக்கொள்ளலாம். எஸ்ஆர்-007 மட்டும் வேறு விதம். எண்ணில் அது ஒரு டெசிபல்தான் மந்தம், இருந்தாலும் தெம்பான ஆம்ப் கிடைத்தால் மட்டுமே அதன் பேஸ் பிடிமானத்தோடு வருகிறது. அதற்கு 450 வோல்ட் தரும் எஸ்ஆர்எம்-700எஸ் போன்றது வேண்டும். எக்ஸ்9000 அளவுக்குப் போகிறவர்கள் டி8000-ஐயும், ஹெட்ஆம்ப் நிறுவனத்தின் ப்ளூ ஹவாய் ஆம்பையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டு முடிவெடுக்கலாம். ப்ளூ ஹவாய் கெவின் கில்மோரின் வடிவமைப்பு, நான்கு இஎல்34 வால்வு கொண்டது.

வால்வு நல்லதா டிரான்சிஸ்டர் நல்லதா என்று எங்களைத் தீர்ப்புச் சொல்ல வைக்காதீர்கள். இரண்டிலும் அருமையான ஆம்ப் இருக்கிறது. வெப்பத்தை மட்டும் யோசியுங்கள். ஏசி இல்லாத அறையில், மே மாதத்தில், வால்வு ஆம்பின் பக்கத்தில் உட்கார்ந்து நெடுநேரம் கேட்பது சிரமம். எந்த ஆம்பானாலும் மேலே உள்ள காற்றுத் துளைகளை மறைத்து டிஏசியையோ (டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கான சிக்னலாக மாற்றும் பெட்டி) புத்தகத்தையோ அடுக்கக் கூடாது.

பழைய பொருள் வாங்குகிறவர்கள் பிளக்கில் எத்தனை பின் இருக்கிறது என்று பாருங்கள். ஸ்டாக்ஸின் ஆறு பின் பிளக் 230 வோல்ட் பயாஸுக்கானது, ஐந்து பின் 580-க்கானது. ஐந்து பின் ஹெட்போனை ஆறு பின் சாக்கெட்டில் செருகினால் சத்தம் குறைவாக வரும், கெடாது. ஆறு பின் பிளக் ஐந்து பின் சாக்கெட்டில் போகாது. அடாப்டர் தேடிப் போக வேண்டாம், அந்த ஹெட்போன் 580 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டதல்ல. காஸ் நிறுவனத்தின் இஎஸ்பி/950 ஹெட்போனுக்கு 600 வோல்ட் பயாஸ், தனிப் பிளக். சோனோமா நிறுவனத்தின் எம்1-க்கு 1350 வோல்ட், அதன் ஆம்ப் அதோடுதான் வரும், வேறு எதுவும் சேராது.

இன்னொன்று, இது ரொம்ப முக்கியம். ஜப்பான் சந்தைக்கான ஆம்ப் 100 வோல்ட்டில் ஓடுவது. ஏலத்திலோ உறவினர் மூலமாகவோ வாங்கி, நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் அத்தோடு முடிந்தது. பின்பக்கம் எழுதியிருப்பதைப் படியுங்கள், புரியாவிட்டால் போட்டோ எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள், எங்கே வாங்கினதானாலும் பார்த்துச் சொல்கிறோம். மூன்று பின் பிளக்கில் எர்த் இருக்கிறதா என்றும் எலக்ட்ரீசியனை விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். 580 வோல்ட் தலைக்குப் பக்கத்தில் என்று சிலர் தயங்குகிறார்கள். பயாஸ் மிகப் பெரிய எதிர்ப்பு வழியாக வருவதால் அதில் ஓடக்கூடிய மின்னோட்டம் அற்பம், மற்ற பாகங்களும் உறைக்குள் இருக்கின்றன. நல்ல நிலையில் உள்ள ஹெட்போனை நிம்மதியாக மாட்டலாம். கேபிள் கிழிந்திருந்தாலோ கூடு விரிசல் விட்டிருந்தாலோ மாட்டாதீர்கள். ஆம்பின் மூடியை வீட்டில் திறக்கவே கூடாது, அணைத்த பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

கேட்டுப் பார்க்க வருகிறவர்கள் முதல் நாளே போன் செய்துவிட்டு வாருங்கள், ஆம்பைச் சூடாக்கி வைக்கிறோம். தினமும் போடும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நன்றாகப் பழகின நாலு பாட்டோடு வாருங்கள். ஒவ்வொரு ஹெட்போனையும் அரை மணி நேரமாவது தலையிலேயே வைத்திருங்கள், அவசரப்படுத்த மாட்டோம். அன்றைக்கே வாங்க வேண்டும் என்பதும் இல்லை.

அன்புடன்,
கடையிலிருந்து