புளூ மெட்ராஸ் சட்டையும் அப்பாவோட கைலியும்

டல்சா, ஓக்லஹோமா, அமெரிக்கா
ஞாயித்துக்கிழமை ராத்திரி

அன்புள்ள அக்கா,

அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு, புது மாத்திரை ஒத்துக்கிச்சான்னு மாமாகிட்ட கேட்டா "ம்ம்"னு சொல்லி போனை வச்சிட்டாரு, நீதான் விவரமா எழுதணும். நான் நல்லா இருக்கேன். குளிர் கொறைஞ்சிடுச்சு. புதன்கிழமையானா மத்தியானம் 12 மணிக்கு ஊர் பூரா சைரன் ஊதும்னு சொன்னேன்ல, சூறாவளி வந்தா எச்சரிக்கிற சைரன் வேலை செய்யுதான்னு வாராவாரம் ஊதிப் பாக்குறது, வந்த புதுசுல அந்த சத்தத்துக்கு நெஞ்சு அடிச்சுக்கும், இப்ப அது ஊதுனா டிபன் பாக்ஸ் திறக்கிற நேரம்னு கை தானா போகுது.

போன வாரம் போன்ல நீ கேட்டது மனசுலயே நிக்குது. "கிளாஸ்ல படம் போடுறியாம், பாட்டு போடுறியாம், அப்புறம் புஸ்தகத்தை எப்ப நடத்துவ"ன்னு. நீ 19 வருஷமா எட்டாங்கிளாசுக்கு தமிழ் எடுக்கிறவ, சும்மா கேக்க மாட்ட. போன்ல எனக்கு ஒழுங்கா சொல்ல வரல, அதான் உக்காந்து எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோ.

இங்க என் எட்டாங்கிளாஸ் பசங்களுக்கு நான் நடத்துறது 'தி அவுட்சைடர்ஸ்'னு ஒரு நாவல். எழுதுனவங்க எஸ்.இ. ஹிண்டன், இதே டல்சாவுல பொறந்து வளந்தவங்க. எழுத ஆரம்பிக்கும்போது அவங்களுக்கு வயசு 15, புஸ்தகம் 1967ல வெளிய வரும்போது 18. இதை எழுதிட்டிருந்த வருஷம் ஸ்கூல்ல அவங்களுக்கு கிரியேட்டிவ் ரைட்டிங் பாடத்துல டி கிரேடு, ஃபெயிலுக்கு ஒரு படிதான் மேல. இதை மொத நாளே சொல்லிடுவேன், அதுக்கப்புறம் கடைசி பெஞ்சு வரைக்கும் நிமிர்ந்து உக்காருவான். கதை ரெண்டு கூட்டத்தப் பத்தி, ஏழைப் பசங்க கிரீசர்ஸ், பணக்காரப் பசங்க சோஷஸ். சொல்றவன் போனிபாய்னு 14 வயசுப் பையன், அப்பா அம்மா ஆக்சிடென்ட்ல போயிட்டாங்க, அண்ணனுங்க ரெண்டு பேருதான் பாத்துக்கிறாங்க. பெரியவனுக்கு 20 வயசு, காலேஜுக்குப் போகாம கூரை வேலைக்குப் போய் தம்பிங்கள காப்பாத்துறான். அந்த இடம் படிக்கும்போதெல்லாம் எனக்கு உன் ஞாபகம்தான் வரும்க்கா. நீ டிகிரிய கரஸ்ல முடிச்சது யாருக்காகன்னு எனக்குத் தெரியாதா.

புஸ்தகத்தைக் கையில குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை. கிளாஸ் ரூமோட நாலு மூலையிலயும் நாலு அட்டை ஒட்டுவேன், முழுசா ஒத்துக்கிறேன், ஒத்துக்கிறேன், ஒத்துக்கல, கொஞ்சமும் ஒத்துக்கலன்னு. நான் ஒரு வாக்கியம் படிப்பேன், "பணம் இருக்கிறவனுக்குக் கஷ்டம் கம்மி"ன்னு, அவங்கவங்க போய் மூலையில நிக்கணும், நின்னு ஏன்னு பேசணும். மொத தடவை பாதிக்கு மேல முழுசா ஒத்துக்கிறேன் மூலையிலதான். மூணாவது அத்தியாயத்துல செர்ரின்னு ஒரு பணக்காரப் பொண்ணு போனிபாய்கிட்ட மனசு விட்டுப் பேசுவா, அதைப் படிச்சதும் திரும்ப அதே வாக்கியம் அதே மூலைங்க. ஆறேழு பேரு நகர்றாங்க. யாரும் சொல்லிக் குடுத்து இல்ல, படிச்சிட்டு அவங்களா நகர்றாங்க. இதுக்கு கம்ப்யூட்டரும் வேணாம் கரன்டும் வேணாம், நாலு சார்ட் துண்டு போதும், நீ திங்கக்கிழமையே செய்யலாம்.

இப்ப சினிமா விஷயத்துக்கு வரேன். இந்தக் கதைய ஃபிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலாங்கிற ஹாலிவுட் டைரக்டர் படமா எடுத்தாரு, 1983ல வந்துச்சு, அது எப்படி நடந்துச்சுன்னா கலிபோர்னியாவுல ஃபிரெஸ்னோ பக்கம் ஒரு சின்ன ஸ்கூல் லைப்ரரியன் அம்மாவும் பிள்ளைங்களும் சேந்து அவருக்கு கடிதம் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டு கூடவே புஸ்தகத்தையும் அனுப்பி வச்சாங்க, நீங்கதான் எடுக்கணும்னு. அவரு படிச்சாரு, எடுத்துட்டாரு, இதே டல்சாவுல வந்து எடுத்தாரு. படத்தை அந்த ஸ்கூலுக்கே சமர்ப்பணமும் பண்ணாரு. அப்புறம் 2005ல அதே படத்தை இன்னும் நீளமாக்கி திரும்ப விட்டாங்க, ஏன்னா மொத தடவை வெட்டுனதுல புஸ்தகத்தோட ஆரம்பமே போயிடுச்சு, போனிபாய் தியேட்டர்ல இருந்து தனியா நடந்து வரும்போது அந்தப் பணக்காரப் பசங்க மடக்குவாங்கல்ல அந்த இடம்.

நான் ரெண்டு மணி நேரப் படத்தை போட்டுட்டு பேப்பர் திருத்துறதில்லக்கா. ஒரு நாளைக்கு நாலு நிமிஷம், அஞ்சு நிமிஷம், அவ்ளோதான். மொதல்ல சத்தத்தை அணைச்சிட்டுப் போடுவேன், இந்த இடத்துல என்ன மியூசிக் வரணும்னு எழுதுங்கன்னு. 1983 படத்துக்கு டைரக்டரோட அப்பா கார்மைன் கொப்போலாதான் இசை, பெரிய ஆர்க்கெஸ்ட்ரா வச்சு சோகமா இழைஞ்சு வரும், 2005ல அதுல நிறைய எடுத்துட்டு அந்தக் காலத்து ராக் பாட்டுங்களைப் போட்டாங்க. ஒரே சீனை ரெண்டு விதமாவும் கேக்க வச்சா கிளாஸ்ல பெரிய சண்டையே வரும். ஒருத்தன் சொன்னான், அந்த ஆர்க்கெஸ்ட்ரா நம்மள அழச் சொல்லுது மிஸ், பாட்டு வந்தா அவங்களும் நம்மள மாதிரி பசங்கதான்னு தெரியுதுன்னு. அப்ப போனிபாய் சொல்ற வரிங்களுக்கு எது பொருந்தும்னு கேட்டேன், சொல்லாமயே எல்லாரும் புஸ்தகத்தைத் திறந்து தேட ஆரம்பிச்சாங்க. நீ கேட்டதுக்கு என் பதில் அதான்க்கா. படத்தைக் காட்டுறது புஸ்தகத்துக்குத் திரும்பப் போக வைக்கத்தான், திரும்பப் போக வைக்கலேன்னா நான் அந்தப் படத்தைப் போட மாட்டேன்.

ராபர்ட் ஃபிராஸ்ட்டோட கவிதை ஒண்ணு கதையில வரும், எட்டே வரி, 1923ல எழுதுனது. விடியற்காலையில போனிபாய் அதை ஃபிரெண்டு ஜானிகிட்ட சொல்லுவான். பிள்ளைங்களை ஒரு வாரம் காலையில பஸ் ஸ்டாப்புல நிக்கும்போது வானத்தை போன்ல போட்டோ எடுக்கச் சொன்னேன், அப்புறம் அந்தக் கவிதைய அவங்கவங்க குரல்ல பதிவு பண்ணி போட்டோ மேல ஓட விடணும். ஸ்பானிஷ் பேசுற பசங்க சிலரு மொதல்ல ஸ்பானிஷ்ல மொழிபெயர்த்துப் படிச்சாங்க. நல்லா இருந்துச்சு.

ஆனா நான் இந்தக் கடிதத்தை எழுதுறதே வேற ஒண்ணுக்கு. முதல் அத்தியாயத்துல அந்த மடக்குற பசங்கள்ல ஒருத்தன் போட்டிருக்கிற சட்டைய போனிபாய் மறக்கவே மாட்டான், "புளூ மெட்ராஸ்"னு வரும். கிளாஸ்ல ஒருத்தனுக்கும் அது என்னன்னு தெரியல. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சிடுச்சு. அக்கா, அது நம்ம கட்டம் போட்ட பருத்தித் துணி! நம்ம பக்கத்து கைத்தறி கட்டம்தான் மெட்ராஸ்ங்கிற பேருல கப்பலேறி இங்க வந்து, 1960கள்ல காலேஜ் போற பணக்காரப் பசங்க போடுற ஸ்டைல் சட்டையாச்சு. சலவைக்குப் போட்டா சாயம் போகும்ல, அந்த சாயம் போறதையே பெருமையா சொல்லி வித்தாங்க இங்க. குறிஞ்சிப்பாடியில அப்பா நெய்த கைலியில சாயம் எறங்குச்சுன்னா எவன் வாங்குவான்?

மறுநாள் நான் கொண்டுவந்த அப்பாவோட கைலி ஒண்ண, அதான் அந்த நீலக் கட்டம் போட்டது, பெட்டியில இருந்து எடுத்துட்டுப் போய் டேபிள் மேல விரிச்சேன். தொட்டுப் பாக்கச் சொன்னேன். நீளவாக்குல ஓடுற பாவு எது குறுக்க ஓடுற ஊடை எதுன்னு காட்டுனேன், ஸ்கூல் விட்டு வந்து நீயும் நானும் ஊடை நூலைத் தார்க்குச்சியில சுத்துனது, விடியறதுக்கு முன்னாடியே குழித்தறியில ஊடை நூலைக் கொண்டு போற நாடா ஓடுற சத்தம், எல்லாம் சொன்னேன். எங்க ஊர்ல இதைக் கட்டுறவங்களும் நெய்யறவங்களும் கிரீசர்ஸ் பக்கம்தான், இந்தக் கதையில சோஷ் பையன் மேல இருக்குன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

அப்ப ஒரு பொண்ணு, வருஷம் ஆரம்பிச்சதுல இருந்து என்கிட்ட நாலு வார்த்தை பேசாதவ, எந்திரிச்சு வந்து கைலியோட ஓரத்தைப் பிடிச்சுப் பாத்துட்டு "மிஸ், இது லோஞ்சி, எங்க தாத்தா கட்டுவாரு"ன்னா. பர்மாவுல இருந்து வந்த சோமி மக்கள் இந்த ஊர்ல நிறைய பேர் இருக்காங்க, அவ அந்தக் குடும்பம். பாட்டி இன்னமும் இடுப்புல கட்டுற தறியில நெய்யறாங்களாம். நான் பிள்ளைங்களுக்கு ஒரு வேலை குடுத்திருந்தேன், கதையில வர ஒரு பொருளை எடுத்துக்கிட்டு அதைப் பத்தி வீட்டுல பெரியவங்க ஒருத்தரைப் பேச வச்சு அஞ்சு நிமிஷம் ஒலிப்பதிவு பண்ணணும்னு. இவ பாட்டியைப் பேச வச்சா, பாட்டி அவங்க மொழியில பேச இவ இடையில இங்கிலீஷ்ல சொல்றா, பின்னாடி தறியில பலகை தட்டுற சத்தம் டக் டக்குன்னு கேக்குது. அதைக் கிளாஸ்ல போட்டப்போ நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுட்டேன்.

கடைசி நாள் கடைசிப் பக்கத்தைப் படிச்சோம். போனிபாய் இங்கிலீஷ் வாத்தியாருக்கு ஒரு கட்டுரை எழுதிக் குடுத்தாகணும், உக்காந்து எழுத ஆரம்பிக்கிறான், அந்த மொத வரிதான் நாவலோட மொத வரி. அதாவது நாம படிச்ச முழுக் கதையும் அந்த ஹோம்வொர்க்தான். நான் ஒண்ணும் சொல்லல, 24 பேரும் அவங்களா முதல் பக்கத்துக்குத் திருப்புனாங்க, பக்கம் திரும்புற சத்தம் மட்டும்தான்.

அடுத்த மாசம் அந்தப் படம் எடுத்த வீட்டுக்கு பஸ்ல கூட்டிட்டுப் போறோம், வடக்குப் பக்கம் இருக்கு, இடிஞ்சு விழ இருந்ததை ஒருத்தர் வாங்கி 2019ல மியூசியமா திறந்துட்டாரு. போட்டோ அனுப்புறேன்.

உன்கிட்ட ஒரு உதவி. அடுத்த தடவை மாமாவோட ஃபிரெண்டு வரும்போது அப்பாகிட்ட சொல்லி நீலக் கட்டத்துல கைத்தறித் துணி மூணு மீட்டர் குடுத்தனுப்பு, பவர்லூம் வேணாம். ஒரு அடிக்கு ஒரு அடி சதுரமா வெட்டி பிள்ளைங்ககிட்ட குடுக்கணும். அந்தப் பொண்ணு பாட்டிக்கு தனியா ஒரு கைலி, அப்பா கையால நெய்தது, பணம் நான் போட்டு விடுறேன். அப்பா தறியில உக்காந்து நெய்யும்போது உன் போன்ல ரெண்டு நிமிஷம் சத்தம் மட்டும் பதிவு பண்ணி அனுப்பு, பேச வேணாம்னு சொல்லு, நாடா சத்தம் போதும்.

அம்மாவுக்கு முத்தம்.

உன்
தங்கச்சி