சார்ஜர் மறுத்தால் பற்றரியைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருக்கோணமலையில் கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் தேர் என்று படமெடுப்பவர்களில் கமராக் கம்பனியின் பற்றரி மட்டுமே வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. காலையில் தாலிகட்டு, பின்னேரம் உப்புவெளிக் கடற்கரை, இரவில் வரவேற்பு என்று ஓடுகிறவருக்கு நாலைந்து பற்றரி வேண்டும், அத்தனையும் ஒரிஜினலாக வாங்க எல்லோராலும் முடியாது. அதனால் வேறு தயாரிப்பாளர்கள் செய்யும் வெளிப் பற்றரி வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. அதை எதில் சார்ஜ் போடுவது என்பதில்தான் பிழையான பேச்சுகள் உலாவுகின்றன.

வெளிப் பற்றரியைக் கம்பனிச் சார்ஜரில் போட்டால் சார்ஜர் பழுதாகிவிடும், கூடவே வந்த சின்னச் சார்ஜரில்தான் போட வேண்டும் என்கிறார்கள். இது சரியில்லை. பெரிய கமராக்களின் பற்றரிக்குள் அநேகமாக இரண்டு லித்தியம் செல்கள் தொடராக இருக்கும், இரண்டும் நிரம்பும்போது 8.4 வோல்ற். சார்ஜர் முதலில் ஒரே அளவு மின்னோட்டம் கொடுத்து, 8.4 வந்ததும் வோல்ற்றை அங்கேயே பிடித்துக்கொண்டு மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்த வேண்டும். அந்த இடத்தில் கொஞ்சம் கூடிப்போனாலும் செல் கெடும், சூடாகும். இந்தக் கணக்கைப் பிசகாமல் பார்ப்பது சார்ஜரின் வேலை என்பதால், பெட்டிக்குள் இலவசமாக வரும் பெயர் தெரியாத சார்ஜரை விடக் கம்பனிச் சார்ஜரைத்தான் நான் நம்புவேன்.

ஆனால் கம்பனிச் சார்ஜர்தானே என்று எந்தப் பற்றரியையும் போட்டுவிட்டு நித்திரைக்குப் போவது அதைவிடப் பெரிய பிழை. பற்றரியில் பிளஸ், மைனஸ் முனைகளுக்கு நடுவே வேறு முனைகளும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் வெப்ப உணரி அதில் ஒன்றின் வழியாகத்தான் சூட்டின் அளவைச் சார்ஜருக்குச் சொல்கிறது. மலிவான சிலவற்றில் உணரிக்குப் பதிலாகச் சூட்டுக்கு ஏற்ப மாறாத ஒரு சாதாரண மின்தடையை ஒட்டிவிடுகிறார்கள், பற்றரி எவ்வளவு கொதித்தாலும் சார்ஜருக்கு எப்போதும் ஒரே சூடுதான் தெரியும். லித்தியம் பற்றரியை 45 பாகைக்கு மேல் பொதுவாகச் சார்ஜ் ஏற்றக்கூடாது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பின்னேர வேளையில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் ஸ்ரூடியோ எப்படிக் காயும் என்று நமக்குத் தெரியும்தானே. அந்த நேரத்தில் மெத்தையிலோ பைக்குள்ளோ வைத்துச் சார்ஜ் போடாதீர்கள், சீமெந்துத் தரையில் வையுங்கள், இடையிடையே தொட்டுப் பாருங்கள். கையில் வைத்திருக்க முடியாத சூடு என்றால் உடனே கழற்றுங்கள்.

சார்ஜரே ஏற்க மறுக்கும் பற்றரிகளும் உண்டு. 2008இல் கெனன் 5டி மார்க் 2 வந்தபோது அதன் எல்பி-இ6 பற்றரிக்குள் ஒரு சிப் இருந்தது, அது இல்லாத ஆரம்பகால வெளிப் பற்றரிகள் கம்பனியின் எல்சி-இ6 சார்ஜரில் ஏறவில்லை. பிறகு வெளித் தயாரிப்பாளர்களும் சிப் வைத்துச் செய்யத் தொடங்கினார்கள். இன்றும் ஒரு பற்றரியைப் போட்டதும் விளக்கு வழமைக்கு மாறாக வேகமாக மின்னினால், ஏதோ ஒரு காரணத்துக்காகச் சார்ஜர் அதை ஏற்கவில்லை. நடுமுனையில் செலோரேப் ஒட்டிச் சார்ஜரை ஏமாற்றும் வேலையைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள், தம்பிமாருக்கும் பழக்காதீர்கள். வீட்டுக்குள் தீப்பிடித்தால் அணைப்பது லேசில்லை.

வெளிப் பற்றரியின் மேலே எழுதியிருக்கும் எம்ஏஎச் எண்ணையும், அதாவது அது எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவையும், அப்படியே நம்ப வேண்டாம். அந்த எல்பி-இ6 தொடங்கியது 1800இல், கம்பனியே அதே அளவுப் பற்றரியில் 2130ஐத் தொட்டது 2020இல்தான். அதைவிட மிகக் கூடிய எண்ணை மலிவுப் பற்றரியில் கண்டால் சந்தேகப்படுங்கள்.

பழைய பற்றரியைக் கண்ணாடி மேசையில் தட்டையாக வைத்துச் சுண்டிப் பாருங்கள். பம்பரம் மாதிரிச் சுழன்றால் வீங்கிவிட்டது, அதைக் கமராவுக்குள் தள்ளினால் திரும்ப வெளியே எடுக்கவும் முடியாமல் போகும்.

நம் ஊர்க் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: வாங்க வருகிறவர் தன் சார்ஜரையும் கொண்டுவந்தால், பற்றரியை அதில் போட்டுப் பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் காசு கொடுக்க விடுங்கள். வாங்குகிறவர்களும் சார்ஜர் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள்.

இப்படிக்கு,
கலியாணப் படப்பிடிப்பாளர் ஒருவர்,
உப்புவெளி, திருக்கோணமலை.