நாற்றத்தைப் பொறுத்தவர்களுக்கும் வாய்க்காலில் இறங்கியவர்களுக்கும்

யாழ்ப்பாண நகருக்காகப் பாடுபட்ட எல்லோருக்கும்,

வணக்கம்.

எங்கள் ஊரில் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டுமென்றால் கல்லில் பெயர் பொறித்துத் திரை நீக்குவார்கள். அந்தக் கற்களில் இடம் கிடைக்காதவர்களை நினைத்துத்தான் இந்த மடல். சனசமூக நிலையத்துக்குப் பேப்பர் பார்க்க வருகிற நாலைந்து பேர் பேசிக்கொண்டிருந்தபோது, "இதை யாராவது எழுதினால் என்ன?" என்று ஒருவர் கேட்க, அந்த வேலை என் தலையில் விழுந்தது.

முதல் நன்றி மாநகர சபையின் சுகாதாரத் தொழிலாளர்களுக்கு. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள் நடக்கும். வீதியை மறிப்பது, கடைகளுக்கு இடம் பிரிப்பது, தண்ணீர் வைப்பது, குப்பை அள்ளுவது எல்லாம் சபையின் பொறுப்பு. விடியற்காலையில் வெறும் மேலோடு வீதியில் உருண்டு பிரதட்டை செய்கிறவர்களின் முதுகில் ஒரு கண்ணாடித் துண்டு குத்தவில்லை என்றால், அதற்கு முன்னரே யாரோ அந்த மணலைப் பார்த்துக் கூட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். முருகன் காப்பாற்றினார் என்போம். சரி, முருகனும்தான்.

திருவிழா முடிந்து கொஞ்ச நாளில் மாரி வந்துவிடும். 2024 நவம்பர் மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வீட்டுக்குள் வெள்ளம் வந்த கதையை எல்லோரும் சொல்கிறோம். வெள்ளம் எப்படி வடிந்தது என்ற கதையை யாரும் சொல்வதில்லை. மதகுக்குள் அடைத்துக் கிடந்த பிளாஸ்டிக் போத்தலையும் சொப்பிங் பையையும் கழுத்தளவு சாக்கடையில் நின்று இழுத்தெடுத்தவர்களில் பலர், வருடக்கணக்காக நிரந்தர நியமனம் கேட்டுக்கொண்டிருக்கிற தற்காலிக ஊழியர்கள். அவர்களுக்கு நன்றி என்ற சொல் மட்டும் போதாது என்பது சபைக்கும் தெரியும்.

இந்த நகரத்தில் தண்ணீரின் கதை தெரியாமல் அபிவிருத்தியைப் பற்றிப் பேச முடியாது. எங்களுக்கு ஆறு இல்லை. கீழே சுண்ணாம்புக்கல். மழைநீர் அந்தக் கல்லின் வெடிப்புகளில் இறங்கி, உப்புநீருக்கு மேலே மெல்லிய நன்னீர்ப் படையாக நிற்கிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். இரண்டு பரப்புக் காணிக்குள் கிணறும் மலகூடக் குழியும் அருகருகே இருக்கிற நகரத்தில் அந்தப் படை எவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். முன்னோர் குளங்களை அழகுக்காக வெட்டவில்லை. வெள்ளத்தை வாங்கி மெல்ல மெல்ல நிலத்துக்குள் விடுவதற்காக வெட்டினார்கள். பிறகு வந்த நாங்கள் சிலவற்றைத் தூர்த்தோம், சிலவற்றில் குப்பை கொட்டினோம், சிலவற்றின் கரையில் மதில் கட்டினோம்.

அதனால்தான் 2021இல் ஆரியகுளம் தூர்வாரப்பட்டு, சுற்றி நடைபாதையும் வெளிச்சமும் வந்தபோது எங்களுக்கு அவ்வளவு மகிழ்ச்சி. அந்த வேலைக்குப் பணம் தந்த கொடையாளருக்கும், முடித்துக்காட்டிய அப்போதைய சபையினருக்கும் நன்றி. பின்னேரம் அங்கே நடக்கிறவர்கள் படம் எடுத்துப் போடுகிறீர்கள், நல்லது. எனக்கு வெளிச்சத்தைவிடக் குளத்தின் அடிதான் முக்கியம். உலக வங்கிக் கடனில் நடந்த நகர அபிவிருத்தித் திட்டத்திலும் எனக்குப் பிடித்தது வீதியோரக் கற்களுக்குக் கீழே போட்ட வடிகால்கள்தான். அவற்றை வரைந்த, மட்டம் பார்த்த பொறியியலாளர்களுக்கும், வெயிலில் கொங்கிரீட் குழைத்தவர்களுக்கும் நன்றி.

வடமராட்சி கிழக்கில் தாளையடியில் 2024 ஆகஸ்டில் திறந்த கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 24,000 கன மீட்டர் குடிநீர் தரக்கூடியது. அது மாநகர சபையின் வேலை இல்லை, வேறு அரச நிறுவனத்தின் வேலை. ஆனாலும் குழாய் நீர் வந்துவிட்டது என்று கிணற்றையும் குளத்தையும் கைவிட்டுவிடாதீர்கள் என்று இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த நன்றி நகர எல்லைக்கு வெளியே போகிறது. எங்கள் வீட்டு வாசலில் உழவு இயந்திரம் ஏற்றிச் செல்கிற குப்பை கல்லுண்டாய் வெளிக்குப் போகிறது. அங்கே அது தீப்பிடித்துப் புகையும்போது மூச்சு முட்டுவது நவாலிப் பக்கத்துச் சனங்களுக்கு. அவர்கள் எங்களுக்கு வாக்களிப்பதில்லை, வரி கட்டுவதில்லை, எங்கள் சபையில் அவர்களுக்கு உறுப்பினரும் இல்லை. எங்கள் தெரு சுத்தமாக இருப்பதற்கான விலையை அவர்கள் கொடுக்கிறார்கள். பொறுத்துக்கொண்டதற்கு நன்றி. இனியும் பொறுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வீட்டிலேயே குப்பையைத் தரம் பிரித்துக் கொடுப்பதும், உக்கும் குப்பையைச் சபை பசளையாக்குவதும் மேடைப் பேச்சோடு நிற்கிற வரைக்கும் அந்தப் புகை நிற்காது.

இந்தச் சபை 1949இல் மாநகர சபை ஆனது. அதன் முதல்வர் (மேயர்) நாற்காலியில் இருந்தவர்களில் மூவர் பதவியில் இருக்கும்போதே கொல்லப்பட்டார்கள். 1975இல் அல்பிரட் துரையப்பா. 1998 மே மாதம் சரோஜினி யோகேஸ்வரன். அவருக்குப் பின் வந்த பொன். சிவபாலன் அதே ஆண்டு செப்டெம்பரில். அவர்களுடைய அரசியலோடு ஒத்துப்போகாதவர்கள் உண்டு, நானும் எல்லாவற்றோடும் ஒத்துப்போகிறவன் இல்லை. ஆனால் குப்பை, விளக்கு, வடிகால் என்று கோப்புப் பார்க்கிற ஒரு வேலைக்கு உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருந்த காலத்தில் அந்த நாற்காலியை வெறுமையாக விடாதவர்களுக்கு நகரம் கடன்பட்டிருக்கிறது. அவர்களோடு பெயர் தெரியாத எழுதுவினைஞர்களும் காவலாளிகளும் ஷெல் விழுந்த நாட்களிலும் கந்தோருக்கு வந்தார்கள்.

பொது நூலகத்தைப் பற்றி நீட்டி எழுத மாட்டேன், எல்லோரும் எழுதிவிட்டார்கள். 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டிலேயே புத்தகம் இரவல் கொடுக்கத் தொடங்கியதில் இருந்துதான் அது வளர்ந்தது. 1981இல் எரிந்தது. எரிந்த பிறகு உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் இருந்து பார்சல் கட்டி அனுப்பினீர்களே, அந்தப் புத்தகங்களுக்கு நன்றி. வந்தவற்றைப் பிரித்து, தூசி தட்டி, அட்டவணைப்படுத்திய நூலக ஊழியர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலான நன்றி.

நூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய உதவியில் எழுந்த பண்பாட்டு மையம் 2023 பெப்ரவரியில் மக்களிடம் கையளிக்கப்பட்டது. வடிவமைத்தவர் மதுர பிரேமதிலக என்ற சிங்களக் கட்டடக் கலைஞர். அவருக்கும் நன்றி. பிறகு அந்த மையத்துக்கு நடந்த பெயர் மாற்றம் பற்றிய சண்டையில் நான் இறங்கவில்லை. அவ்வளவு பெரிய கட்டடத்துக்கு மின்சாரக் கட்டணம் யார் கட்டுவது என்பதுதான் என் கவலை.

இன்னும் முடியாத வேலை மாநகர சபையின் சொந்தக் கட்டடம். பழைய நகர மண்டபம் யுத்தத்தில் அழிந்தது. புதியதற்கு 2019இல் அடிக்கல் நாட்டினார்கள், பிறகு வேலை பாதியில் நின்றுபோனது. நாங்கள் அதைக் கேட்பது பெருமைக்காக இல்லை. ஒரு வரைபடம் பார்க்கவோ முறைப்பாடு கொடுக்கவோ வருகிறவர் ஒரே கூரையின் கீழ் எல்லாக் கிளையையும் காண வேண்டும். 2025 தேர்தலில் வந்த சபைக்கும் முதல்வருக்கும் இது ஒரு நினைவூட்டல், வாழ்த்தோடுதான். அந்தக் கட்டடத்துக்கு முன்னால் வாய்க்கால் துப்புரவும் கல்லுண்டாயும் வர வேண்டும் என்று நீங்கள் தீர்மானித்தால், நான் மறுக்கப்போவதில்லை.

அப்புறம், ஆதன வரி நிலுவை வைத்திருக்கிற அயலவர்களே, இந்த மடலில் உங்களுக்கு நன்றி இல்லை. கட்டிவிட்டு வாருங்கள், அடுத்த மடலில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
சனசமூக நிலைய வாசகர்களின் சார்பில்,
ஒரு வட்டாரவாசி