நீ சோம்பேறி இல்லை, ஐயா

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலம். புதன்கிழமை இரவு போனில், "படிக்கவே மனம் ஓடவில்லை, நான் சோம்பேறி ஆகிவிட்டேன் அம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். மறுபடி கூப்பிட்டால் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாய் என்று தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

பிளஸ் டூவில் யாரும் எழுப்பாமலே விடியற்காலையில் எழுந்து கணக்குப் போட்ட பிள்ளை நீ. கல்லூரிக்குப் போனதும் திடீரென்று சோம்பேறி ஆகிவிடுவாயா? இடையில் என்ன வந்தது என்று பார். வலிப்பு வந்தது, மாத்திரை வந்தது. முதலில் கொடுத்த லெவெடிராசெட்டம் வலிப்பை அடக்கியது. ஆனால் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தாய், தங்கையோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சிலருக்கு அந்த மருந்து எரிச்சலையும் மனச்சோர்வையும் தரும் என்று டாக்டரே சொல்லி டோபிராமேட்டுக்கு மாற்றினார். கோபம் போனது. அதன் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பொங்கலுக்கு வந்திருந்தபோது கவனித்தேன். அடுப்படியில் நின்றுகொண்டு, "அம்மா, அந்த... சாம்பார் ஊற்றுவதற்கு... அதை எடு" என்றாய். கரண்டி என்ற சொல் வாய்க்கு வரவில்லை. கையால் காற்றில் அள்ளிக் காட்டினாய். அன்று மாலை அப்பா வாங்கி வந்த சோடாவை ஒரு வாய் குடித்துவிட்டு, கெட்டுப்போய்விட்டது என்று ஊற்றப் போனாய். அதே பாட்டிலில் நானும் தங்கையும் குடித்தோம், நன்றாகத்தான் இருந்தது. விரல் நுனியில் எறும்பு ஊர்வதாகவும் சொன்னாய். மூன்றும் டோபிராமேட்டின் பக்கவிளைவுகள். சோடா போன்ற பானங்களின் சுவையைக்கூட அது மாற்றிவிடும். தெரிந்த சொல் நாக்கு நுனியில் நின்றுவிடுவது, படித்தது மனதில் தங்காமல் நழுவுவது, கணக்கின் நடுவில் மேல் வரி மறந்துபோவது எல்லாமே அந்த மருந்தால் வரக்கூடியவை. அளவு கூடினால் இவையும் கூடும். குறைத்தாலோ மாற்றினாலோ பெரும்பாலும் சரியாகிவிடும். உன் மூளைக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை, ஐயா.

ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தும் ஏறவில்லை என்றால், மறுபடியும் புத்தகத்தைத் திறக்க யாருக்கு மனம் வரும்? இத்தனை ஆண்டுகள் வகுப்பறையில் நின்று பார்த்துவிட்டேன். பாடுபட்டும் பலன் காணாத பிள்ளை ஒரு கட்டத்தில் கையை விட்டுவிடுகிறது. பார்ப்பவர்கள் கண்ணுக்கு அது திமிராகவும் சோம்பலாகவும் தெரிகிறது.

உன் பெரிய மாமாவைப் பற்றி நீ கேள்விப்பட்டிருப்பாய், ஆனால் முழுக்கதை தெரியாது. அவருக்குப் பள்ளிக்கூட வயதில் வலிப்பு வந்தது. ஊரே கையில் சாவிக்கொத்தைத் திணித்தது. அதையும் மீறித் தாத்தா அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே கார்டினால் மாத்திரை கொடுத்தார்கள். ஃபீனோபார்பிட்டால் என்ற அந்த மருந்து 1912-இலிருந்து வலிப்புக்குப் பயன்படுகிறது. உயிர்களைக் காப்பாற்றிய மருந்துதான். ஆனால் தூக்கத்தில் ஆழ்த்தும். மாமா பெஞ்சிலேயே தலை சாய்த்துவிடுவார். வாத்தியார் வெளியே நிற்க வைத்தார், பையன்கள் தூங்குமூஞ்சி என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டார். மாத்திரையால் இருக்குமோ, அளவை மாற்றிப் பார்க்கலாமோ என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. தனக்குப் படிப்பு ஏறாது என்று அவரே இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் பொங்குகிறது. உன் விஷயத்தில் அப்படி நடக்க நான் விடமாட்டேன்.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே. பரீட்சை சமயத்தில் மட்டும் ஒரு வேளை விடலாம், தலை தெளிவாக இருக்கும் என்று தோன்றும். தோன்றினால் உடனே எனக்குப் போன் செய். திடீரென்று நிறுத்தினால் அடக்கி வைத்த வலிப்பு முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பலாம். ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்காத வலிப்பு உயிருக்கே ஆபத்து. மருந்தைக் குறைப்பதாக இருந்தாலும் டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இரவு கண்விழித்துப் படிக்கும் வேலையும் வேண்டாம். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் என்பது உனக்கே தெரியும், முதல் தடவை வந்ததே அப்படி ஓர் இரவுக்குப் பிறகுதானே. தண்ணீர் நிறையக் குடி. இந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சிறுநீரகக் கல் வர வாய்ப்பு உண்டு.

எல்லாப் பழியும் மாத்திரை மேல்தான் என்று நான் சொல்லவில்லை. வகுப்பில் எல்லோர் முன்னாலும் விழுந்துவிடுவேனோ என்ற பயம் ஒருவனைத் தின்றுவிடும். மனச்சோர்வும் வலிப்பு உள்ளவர்களுக்கு அதிகம் வருகிறது, அதற்குத் தனியாக வைத்தியமும் இருக்கிறது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது டாக்டர் வேலை. ஆனால் நீ வாய் திறந்தால்தான் அவர் பார்க்க முடியும். போன முறை "எப்படி இருக்கிறாய்?" என்று அவர் கேட்டதற்கு "நன்றாக இருக்கிறேன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாய். வலிப்பு வரவில்லை என்றால் நன்றாக இருப்பதாக அர்த்தமில்லை. படிப்பு எப்படிப் போகிறது, தூக்கம் எப்படி, மனம் எப்படி என்று எல்லாவற்றையும் சொல். அளவைக் குறைக்கலாம், வேளையை மாற்றலாம், வேறு மருந்துக்குப் போகலாம். சரியான மருந்து அமைய ஒன்றிரண்டு மாற்றம் தேவைப்படுவது சகஜம்தான்.

இந்த செமஸ்டரில் அரியர் விழுந்தால் விழட்டும். பிறகு எழுதிக்கொள்ளலாம். அப்பாவும் இதையேதான் சொல்கிறார். உன் வகுப்பு ஆசிரியரிடம் விஷயத்தைச் சொல்லிவிடு. சொல்லக் கூச்சமாக இருந்தால் நான் பேசுகிறேன். மறைக்க வேண்டிய நோய் எதுவும் உனக்கு இல்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை பஸ் ஏறிவிடு. அதற்குள் ஒரு தாளில் எழுதி வை: எத்தனை மணிக்கு மாத்திரை போடுகிறாய், எந்த நேரத்தில் மந்தம் அதிகமாக இருக்கிறது, எந்தப் பாடத்தில் தடுமாறுகிறாய். மீதி மாத்திரை அட்டையையும் பழைய சீட்டுகளையும் மறக்காமல் கொண்டு வா. பஸ் ஸ்டாண்டுக்கு அப்பா வருவார்.

அன்புடன்,
அம்மா