நான் அனுப்பியது என் பூஸ்டர், திரும்பி வந்தது யாருடையது?

வணக்கம் ஐயா,

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். 1974 மெர்சிடிஸ் 200, டபிள்யூ115 மாடல். சரி செய்யச் சொல்லி உங்கள் பட்டறைக்கு அனுப்பிய அதன் பிரேக் பூஸ்டரைப் பற்றித்தான், அதாவது எஞ்சினின் உறிஞ்சு விசையால் பெடலுக்குப் பலம் கூட்டித் தரும் அந்த டப்பாவைப் பற்றி. என் பெயர் உங்கள் ஆட்களுக்கு மறந்திருந்தாலும் இந்தக் காரை மறந்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் போன மாதம் மட்டும் பதினோரு தடவை போன் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொருவர் எடுத்து, "பாஸ் வெளியே போயிருக்கிறார், வந்ததும் கூப்பிடச் சொல்கிறேன்" என்றார்கள். பாஸ் இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

கதையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இவ்வருடத் தொடக்கத்தில் காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை வந்தது. பிரேக் எண்ணெய் வாரா வாரம் குறைந்தது, ஆனால் நான்கு சக்கரத்திலும் ஒரு சொட்டு ஈரம் இல்லை, தரையிலும் கறை இல்லை. குளுகோரில் எங்களுக்கு இருபது வருடமாக வேலை பார்க்கும் மெக்கானிக், போர்மேன் அண்ணன், பார்த்தவுடனேயே சொல்லிவிட்டார்: பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க ரப்பர் போய்விட்டது, எண்ணெய் பூஸ்டருக்குள் இறங்குகிறது, அங்கிருந்து எஞ்சின் அதை உறிஞ்சிக் குடிக்கிறது. பெடலை மிதித்தால் உஸ் என்று காற்றுச் சத்தம், கூடவே எஞ்சின் நடுங்கியது. அப்படியென்றால் பூஸ்டருக்குள்ளே டயஃப்ரம் என்கிற ரப்பர் சவ்வும் கிழிந்திருக்கிறது. மாஸ்டர் சிலிண்டரைப் புதிதாகவே வாங்கிவிட்டோம். பூஸ்டர் ஏ.டி.இ. தயாரிப்பு, இந்த வயது காருக்குப் புதிது தேடி அலைய முடியாது, பழையதைப் பிரித்துச் சரி செய்வதுதான் வழி என்று உங்களைத் தேடி வந்தோம்.

மூன்று வாரம் என்றீர்கள், ஏழு வாரம் ஆனது. சரி, பழைய காருக்கு அவசரப்பட்டால் ஆகாது என்று அதையும் பொறுத்துக்கொண்டேன். பூஸ்டரின் கூட்டைத் திறந்து, துரு போக மணல் அடித்து, மஞ்சள் துத்தநாக முலாம் போட்டு, டயஃப்ரம், வால்வு ரப்பர் எல்லாம் மாற்றி, வேக்குவம் வைத்துச் சோதித்துத் தருவதாகச் சொன்னீர்கள். இதற்கு 1,380 வெள்ளி (ரிங்கிட்). பெட்டியைப் பிரித்தால் முலாம் இல்லை, பளபளவென்று கறுப்புச் சாயம். முலாம் பட்டறை மூடியிருந்ததாம். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மாட்டினோம். எஞ்சினை அணைத்துப் பெடலை நாலைந்து தடவை மிதித்து, காலை அழுத்தி வைத்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும், இறங்கியது. உஸ் சத்தமும் இல்லை. மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா, மனைவி, மகள் மூவரையும் ஏற்றிக்கொண்டு டுரியான் சாப்பிட பாலிக் பூலாவுக்குக் கிளம்பினேன். பாயா தெருபோங் பக்கமிருந்து துன் சார்டோன் சாலை. அந்த மலைப்பாதை உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். ஏறும்போதே வண்டி இழுக்கவில்லை. ஐம்பது வயது எஞ்சின், நான்கு பேர், மேடு, என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உச்சி தாண்டி இறங்க ஆரம்பித்ததும், கியரை எடுத்துவிட்டாலும் வண்டி தானாக உருளவில்லை. இறக்கத்தில்! அப்புறம் கருகல் வாசனை. ஒரு டுரியான் கடை ஓரமாக ஒதுக்கி இறங்கிப் பார்த்தால் முன்சக்கரங்களிலிருந்து புகை, ரிம் பக்கத்தில் கை கொண்டுபோக முடியவில்லை.

போர்மேனுக்குப் போன் போட்டேன். "எஞ்சினை அணைங்க, சக்கரத்துக்குக் கல்லு வைங்க, மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோட பிடிச்சிருக்கற ரெண்டு நட்டையும் ரெண்டு சுத்து லூசு பண்ணுங்க" என்றார். 13 நம்பர் ஸ்பேனர் டிக்கியில் இருந்தது. இரண்டாவது நட்டு இளகியதும் டக் என்று ஒரு சத்தம், கார் ஒரு சாண் முன்னால் நகர்ந்து கல்லில் முட்டி நின்றது. அதைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப பூஸ்டர் தடிதான் நீளம்" என்றார்.

தடி நீளமாக இருந்தால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் உங்கள் முகப்பில் இருக்கும் தம்பிக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும், பூஸ்டரின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தடி மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் துளி அளவு தள்ளிக்கொண்டே இருக்கும். எண்ணெய் தொட்டிக்குத் திரும்பிப் போகிற அந்தச் சின்ன ஓட்டை திறக்காது. ஓட ஓட எண்ணெய் சூடாகி விரியும், போக வழியில்லாமல் பிரேக் பேடுகளைத்தான் இன்னும் இறுக்கும். இறுக இறுக இன்னும் சூடு. என் காரில் நான்கு சக்கரமும் டிஸ்க் பிரேக். அந்த இறக்கத்தில் எண்ணெய் கொதித்து ஆவியாகியிருந்தால் பெடல் தரை வரைக்கும் போயிருக்கும். உள்ளே மூன்று தலைமுறை உட்கார்ந்திருந்தது. (அம்மா மட்டும் இது எதுவும் தெரியாமல் கடையில் உட்கார்ந்து ஒரு முழுப் பழத்தை முடித்துவிட்டார்.) நட்டு லூசாக இருக்கும் வண்டியை ஓட்டக் கூடாது என்று போர்மேன் சொல்லிவிட்டதால் இழுவை லோரிக்கு 280 வெள்ளி.

இதைச் சொன்னதற்கு உங்கள் பதில்: "மாட்டும்போது உங்க போர்மேன் தடியை அளந்திருக்கணும்." அளந்திருக்க வேண்டும்தான். அவரே அதை ஒத்துக்கொண்டு இரண்டாவது தடவை கழற்றியதற்குக் கூலி வாங்கவில்லை. ஆனால் உங்கள் பில்லிலேயே "தடி அளவு சரிபார்க்கப்பட்டது" என்று எழுதி முத்திரை குத்தியிருக்கிறதே, அது என்ன, அழகுக்கா?

உண்மையான விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன். கழற்றிய பிறகு, தன் பேத்தியின் விளையாட்டுக் களிமண்ணில் ஒரு துணுக்கைத் தடி முனையில் ஒட்டி, மாஸ்டர் சிலிண்டரை வைத்து அழுத்தி எடுத்தார் போர்மேன். நூலிழை இடைவெளியாவது இருந்தால் களிமண் அந்தக் கனத்துக்கு நிற்கும். ஒன்றுமே நிற்கவில்லை, இரும்பு தெரிந்தது. எங்கள் பழைய பூஸ்டரில் நாற்பது வருடம் இந்தத் தொல்லை இருந்ததில்லை. "இது நம்ம சாமானே இல்லையோ" என்று அவர் கேட்டபோதுதான் எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது.

இந்தக் காரை அப்பா 1979-இல் பழையதாக வாங்கினார். ஒரு பட்டறையில் நல்ல டைனமோவை மாற்றி வைத்து ஏமாற்றியதிலிருந்து, காரிலிருந்து எது கழன்றாலும் அதன் முதுகில் பதிவெண்ணின் நான்கு இலக்கத்தையும் ஆணியால் கீறிவிடுவார். கார்புரேட்டர், ரேடியேட்டர் மூடி, ஜாக்கி, எதையும் விட்டதில்லை. நாங்கள் எல்லாரும் கேலி செய்வோம். பூஸ்டரின் பின்முகத்திலும் அந்த எண் உண்டு. உங்களுக்கு அனுப்பும் முன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களில் மூன்றாவதைப் பெரிதாக்கிப் பாருங்கள். நீங்கள் அனுப்பியதில் தின்னர் நனைத்த பஞ்சால் பின்முகம் முழுக்கத் துடைத்தோம். சாயத்துக்குக் கீழே துரு அரித்த குழிகள் இருக்கின்றன. எண் இல்லை.

ஆக, இன்னொரு காரின் பூஸ்டர் என்னிடம் இருக்கிறது. என்னுடையது எங்கே? விற்றீர்களா, இல்லை இன்னொருவர் காரில் மாட்டியாகிவிட்டதா? அப்படியானால் இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். எனக்கு நீளமாக வந்த தடி அவருக்குக் குட்டையாகப் போயிருக்கும். அவர் மிதிக்கும்போது பெடல் பாதி தூரம் சும்மா இறங்கித்தான் பிரேக் பிடிக்கும், பழைய கார் இப்படித்தான் என்று அவரும் என்னைப் போலவே சமாதானம் சொல்லிக்கொண்டு ஓட்டிக்கொண்டிருப்பார். உங்கள் பில் புத்தகத்தைப் புரட்டி அந்த மனிதருக்கு இன்றைக்கே போன் போடுங்கள். எனக்குப் போடுவது அப்புறம் இருக்கட்டும்.

எனக்கு வேண்டியது: என் பூஸ்டர், சரி செய்யாவிட்டாலும் பரவாயில்லை, அப்படியே. 1,380 வெள்ளியும் இழுவை லோரிக்கு 280 வெள்ளியும். சாயம் அடித்ததற்குக் காசு பிடிப்போம் என்று உங்கள் தம்பி சொன்னதை நான் கேட்காதது மாதிரி இருந்துவிடுகிறேன்.

14 நாள் பார்ப்பேன். பிறகு பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுப்பேன். கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீலும் தேவையில்லை. படங்கள், பில், உங்கள் ஆட்கள் அனுப்பிய குரல் பதிவுகள் எல்லாம் ஒரு கோப்பில் இருக்கின்றன.

உங்கள் பூஸ்டர் போர்மேனின் மேசைக்கு அடியில் நாளிதழில் சுற்றி வைத்திருக்கிறது. நான் கூரியரில் அனுப்பப் போவதில்லை. என்னுடையதை எடுத்துக்கொண்டு யாராவது நேரில் வரட்டும், பின்முகத்தில் எண்ணைப் பார்த்துவிட்டு உங்களுடையதைக் கையில் கொடுக்கிறேன்.