தோற்றுப்போன கலவைகளின் குறிப்பேடுகளைத் திறவுங்கள்: பாலிமர் ஆய்வுக்கூடத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாலிமர் நிறுவனங்களில் ஆய்வுப் பிரிவுகளை நடத்துகிறவர்களுக்கும், அவர்களுக்காகக் காப்புரிமை விண்ணப்பங்களை எழுதிக் கொடுக்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

பிளாஸ்டிக், ரப்பர் போன்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுகளான பாலிமர்களைக் கலந்து தொழிற்சாலைகளுக்கு வேண்டிய புதிய பொருள்களைச் செய்வது என் வேலை. அவற்றை உருக்கிக் கலந்து வெளித்தள்ளும் எக்ஸ்ட்ரூடர் ஓடாத நேரங்களில் நீங்கள் வெளியிடும் காப்புரிமை ஆவணங்களைப் படித்துக்கொண்டிருப்பேன். எந்தப் பொருள் எத்தனை சதவீதம் என்பது அவற்றில் தவறாமல் இருக்கிறது. 'இது 5 முதல் 95 சதவீதம் வரை, அது 95 முதல் 5 சதவீதம் வரை' என்று கண்ணுக்கெட்டிய தூரம் வரை வேலி போடும் உரிமைக் கோரிக்கைகளுக்கும் குறைவில்லை. ஆனால் அந்தப் பொருள் எப்படி உருவானது என்ற பகுதி பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: 'கூறுகள் உருக்கி நன்கு கலக்கப்பட்டன.' தோற்றுப்போன கலவைகளுக்கு அந்த ஒரு வரிகூட இல்லை. 'ஒப்பீட்டு எடுத்துக்காட்டு' என்ற பெயரில் இரண்டு மூன்று வருமே என்பீர்கள். அவை வென்ற கலவையை உயர்த்திக் காட்டுவதற்காகப் பொறுக்கி எடுத்தவை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் கேட்பது இதுதான்: கலவை உருவான விதத்தை முழுமையாக எழுதுங்கள். கைவிட்ட திட்டங்களின் குறிப்பேடுகளை வெளியிடுங்கள்.

தோல்விகளுக்கு ஏன் இத்தனை மரியாதை என்று கேட்கலாம். இந்தத் துறையில் இயல்பான முடிவே தோல்விதான். 1940களின் தொடக்கத்தில் வேதியியலாளர்கள் ஃப்ளோரியும் ஹக்கின்ஸும் தனித்தனியே காட்டியது அதைத்தான். சிறிய மூலக்கூறுகள் கலக்கும்போது ஒழுங்கின்மை பெரிதும் கூடும். அதுவே கலப்பதற்கான உந்துதல். நீண்ட சங்கிலிகளுக்கு அந்த ஆதாயம் ஏறக்குறைய இல்லை. எனவே இரண்டு சங்கிலிகளுக்கு இடையே துளி ஒவ்வாமை இருந்தாலும் அவை பிரிந்து நின்றுவிடுகின்றன. பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட நெருங்கிய உறவுகள். அவைகூட உருகிய நிலையில் ஒன்றாவதில்லை.

எந்த விகிதத்திலும் கலக்கும் இணைகள் அபூர்வம். பாலிஃபினிலீன் ஆக்சைடும் பாலிஸ்டைரீனும் அவற்றுள் புகழ்பெற்ற இணை. 1956இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ஆலன் ஹே கண்டறிந்த பாலிஃபினிலீன் ஆக்சைடு சுமார் 210 டிகிரி செல்சியஸ் வரை இறுக்கம் தளராதது. அதனாலேயே அதை உருக்கி வார்ப்பது பெரும் தொல்லையாக இருந்தது. பாலிஸ்டைரீனைச் சேர்த்ததும் வேலை எளிதாகி, 1960களில் நோரில் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. துறையின் எல்லா அறிமுகப் பாடங்களும் இந்தக் கதையைச் சொல்கின்றன. மாணவர்கள் அதைக் கேட்டுவிட்டுக் கலவை என்றால் இப்படித்தான் நடக்கும்போலும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வேலைக்கு வந்த முதல் மாதத்திலேயே அந்த நினைப்பு கலைந்துவிடுகிறது.

மற்ற இணைகளில் நாம் செய்வதெல்லாம் பிரிவினையை அடக்கி ஆள்வதுதான். துளிகள் எவ்வளவு சிறியவை, எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன, அவற்றின் எல்லைப் பரப்பு எவ்வளவு உறுதியாகப் பிடித்திருக்கிறது என்பவையே பொருளின் குணத்தைத் தீர்மானிக்கின்றன. இவை மூன்றையும் சதவீதப் பட்டியல் சொல்லாது.

வரலாற்றில் இதற்கு மறுக்க முடியாத சான்று இருக்கிறது. ரப்பரை ஸ்டைரீனில் கரைத்து, அந்த ஸ்டைரீனைப் பாலிமராக்கினால் உடையாத பாலிஸ்டைரீன் கிடைக்கும் என்ற எண்ணம் 1927இலேயே வேதியியலாளர் ஆஸ்ட்ரோமிஸ்லென்ஸ்கியின் அமெரிக்கக் காப்புரிமையில் வந்துவிட்டது. பொருள்கள் சரி, விகிதமும் ஏறக்குறைய சரி. ஆனால் கலக்கி விடாமல் வினையை நடத்தினால் ரப்பர் ஒரு வலைப்பின்னலாக அப்படியே தங்கிவிடுகிறது; வந்து சேரும் திடப்பொருளை வார்க்க முடிவதில்லை. வினையின்போது தொடர்ந்து கலக்கினால் நடுவழியில் நிலைமை தலைகீழாகிறது: அதுவரை சூழ்ந்திருந்த ரப்பர் கரைசல் துளிகளாக உடைந்து, பாலிஸ்டைரீன் அவற்றைச் சூழ்ந்துகொள்கிறது. அந்தத் துளிகளுக்கு உள்ளேயும் பாலிஸ்டைரீன் பொதிந்திருப்பதால், கொஞ்சம் ரப்பரே நிறைய ரப்பரின் வேலையைச் செய்கிறது. டௌ கெமிக்கல் இதைத் தொழிற்சாலை அளவில் செய்து காட்டி 1950களில் காப்புரிமை பெற்றது. இரண்டுக்கும் இடைப்பட்ட கால் நூற்றாண்டின் வேறுபாடு ஒரு கலக்கியின் சுழற்சி. உங்கள் ஆவணங்கள் ஒரே வரியில் கடந்துபோகும் இடம் இதுதான்.

இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடருக்கும் இதே நியாயம் பொருந்தும். துளியின் பாகுத்தன்மை அதைச் சூழ்ந்த பாலிமரின் பாகுத்தன்மையைப் போல நான்கு மடங்கைத் தாண்டினால், படலம் படலமாகச் சறுக்கும் பாய்வில் அந்தத் துளி உடையாது. எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் தானும் சுழன்றுகொண்டிருக்கும். இயற்பியலாளர் டெய்லர் 1930களில் தொடங்கிவைத்த இந்த ஆய்வை, கிரேஸின் பிற்கால அளவீடுகள் உறுதிப்படுத்தின. இழுத்து நீட்டும் பாய்வில் அந்தத் துளியும் உடையும். ஆக, திருகின் எந்தப் பகுதியில் என்ன வகைத் துண்டுகள் கோக்கப்பட்டிருந்தன என்பது ஆராய்ச்சி முடிவின் ஒரு பகுதி. அதை எழுதாமல், 60 கிராம் பிடிக்கும் ஆய்வுக்கூடக் கலக்கியில் கிடைத்த மோதல் வலிமையை மட்டும் அச்சிட்டு அனுப்புகிறீர்கள். மணிக்கு நூற்றுக்கணக்கான கிலோ ஓடும் இயந்திரத்தில் அதே எண்ணைத் தேடி நாங்கள் அலைகிறோம்.

டூபாண்ட்டின் மிகு உறுதி நைலானையும் இந்தக் கோணத்திலிருந்து பார்க்க வேண்டும். மலேயிக் நீரிலி என்ற வினைபுரியும் சேர்மம் ஒட்டப்பட்ட ரப்பர், நைலான் சங்கிலியின் அமீன் முனையோடு வினைபுரிகிறது. எல்லைப் பரப்பிலேயே ஒரு கோபாலிமர் (ஒன்றுக்கு மேற்பட்ட வகை அலகுகள் கொண்ட சங்கிலி) பிறந்து இரண்டையும் பிணைக்கிறது. 1985இல் சூஹெங் வூ, நைலான் 66இல் ரப்பர்த் துளிகளுக்கு இடையே உள்ள சுவரின் தடிமன் சுமார் 0.3 மைக்ரானுக்குக் கீழே போகும்போது நொறுங்கும் பொருள் உறுதியான பொருளாக மாறுகிறது என்று காட்டினார். அவருடைய ஆய்வு எனக்குப் பிடித்ததற்குக் காரணம், மாற்றம் நிகழும் எல்லைக்கு இரண்டு பக்கமும் அதில் இருப்பதுதான். நொறுங்கிய மாதிரிகளை மறைத்திருந்தால் எல்லை எங்கே என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

கோபாலிமர்களுக்கு வருகிறேன். 'ஸ்டைரீன்-அக்ரிலோநைட்ரில் கோபாலிமர், அக்ரிலோநைட்ரில் 25 சதவீதம்' என்று எழுதுகிறீர்கள். அது சராசரி. இரண்டு மோனோமர்களும், அதாவது சங்கிலியாகக் கோக்கப்படும் சிறு மூலக்கூறுகளும், ஒரே வேகத்தில் சங்கிலிக்குள் நுழைவதில்லை. 1944இல் வெளிவந்த மேயோ-லூயிஸ் சமன்பாடு சொல்வது அதுதானே? கலனில் வினை முன்னேற முன்னேற, பிறக்கும் சங்கிலியின் சேர்மானமும் விலகிக்கொண்டே போகலாம். அக்ரிலோநைட்ரில் அளவில் சுமார் 4 சதவீதத்துக்கு மேல் வேறுபடும் இரண்டு ஸ்டைரீன்-அக்ரிலோநைட்ரில் கோபாலிமர்கள் ஒன்றோடொன்று கலக்காது என்பதை 1960களிலேயே மோலாவ் காட்டிவிட்டார். தன்னோடு தானே சேராத கோபாலிமரை ஒரே பெயரில், ஒரே எண்ணில் எழுதினால் படிக்கிறவர் என்ன செய்வார்? அக்ரிலிக்கோடு அது கலக்குமா என்பதும் குறிப்பிட்ட ஓர் அக்ரிலோநைட்ரில் வரம்புக்குள் மட்டுமே நடப்பது. சராசரி வரம்புக்குள் இருந்து, வால்பகுதி வெளியே நின்றால் குருணை மங்கலாக வரும். காரணம் தெரியாமல் ஈரப்பதத்தின் மேல் பழி போடுவோம்.

பாலிகார்பனேட்டும் பிபிடி என்ற பாலியெஸ்டரும் கலந்த வகைகள் 1980களிலிருந்து கார் பம்பர்களில் பயன்படுகின்றன. இந்த இணையின் தொல்லை தனி ரகம். உருகிய நிலையில் அதிக நேரம் வைத்தால் இரண்டும் எஸ்டர் பிணைப்புகளை மாற்றிக்கொண்டு மெல்ல மெல்ல ஒரு கோபாலிமராகவே மாறுகின்றன. படிகத் தன்மை போகிறது. அதனால் கிடைத்த வேதிப்பொருள் தாங்கும் திறனும் போகிறது. இதைத் தூண்டுவது பிபிடியில் எஞ்சியிருக்கும் டைட்டானியம் வினையூக்கி. அதை அடக்கவே பாஸ்பரஸ் சேர்மங்களைச் சேர்க்கிறோம். வினையூக்கி எச்சம் எவ்வளவு என்பது விற்பனைத் தகவல் தாளில் இருப்பதில்லை. ஒரு மூலப்பொருள் விற்பனையாளரிடம் அதைக் கேட்டபோது, 'அது எங்கள் வணிக ரகசியம்' என்று பதில் வந்தது. அவருடைய ரகசியம்தான் என் எக்ஸ்ட்ரூடருக்குள் வினை செய்துகொண்டிருந்தது.

வணிக ரகசியம் என்ற வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. இன்று ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் உற்பத்தி வரிசையின் திருகு அமைப்பை யாரும் கேட்கவில்லை. ஆனால் காப்புரிமை என்பது ஓர் ஒப்பந்தம்: 20 ஆண்டுத் தனியுரிமைக்கு ஈடாக, துறை அறிந்தவர் திரும்பச் செய்யும் அளவுக்கு விளக்கம் தர வேண்டும். 'நன்கு கலக்கப்பட்டன' என்பது அந்த விலையைக் கொடுத்ததாகாது. நீங்கள் கைவிட்ட திட்டத்தில் போட்டியாளர் ஒருவர் பொன்னைக் கண்டெடுக்கலாம் என்ற அச்சமும் நியாயமானதே. அப்படி நடக்கவும் நடக்கும். அவர் மூடி வைத்திருப்பதில் உங்களுக்கான பொன்னும் இருக்கக்கூடும்.

இதை இப்போது எழுதுவதற்கு இரண்டு காரணங்கள். கணினி மாதிரிகளைக் கொண்டு புதிய கலவைகளைக் கணிக்க எல்லோரும் கிளம்பியிருக்கிறீர்கள். வெற்றிகளை மட்டுமே தின்று வளர்ந்த மாதிரிக்கு எல்லாம் கலக்கும் என்றுதான் தோன்றும். இரண்டாவது காரணம் மறுசுழற்சி. 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கோட்ஸ், பேட்ஸ் ஆகியோரின் குழுக்கள், பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் மாறி மாறி வரும் தொகுதிக் கோபாலிமரை ஏறத்தாழ 1 சதவீதம் சேர்த்தே அந்த இரண்டின் நொறுங்கும் கலவையை உறுதியான பொருளாக்கிக் காட்டின. அருமையான வேலை. அவர்களும் எத்தனை தொகுதிகள், எவ்வளவு நீளம் என்று மாற்றி மாற்றிச் செய்து, எது உதவவில்லை என்பதையும் சேர்த்தே வெளியிட்டார்கள். ஆனால் குப்பையிலிருந்து வரும் பிளாஸ்டிக்கில் இரண்டு பாலிமர்கள் மட்டும் இருப்பதில்லை. நைலான், பாலியெஸ்டர், அலுமினியப் படலத் துணுக்கு எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். இவற்றுள் எந்த இணையை எந்த இணக்கியால் (கலக்காத பாலிமர்களைப் பிணைக்கும் சேர்பொருளால்) சேர்க்க முடியாது என்பதை உங்கள் ஆய்வுக்கூடங்கள் பலமுறை கண்டிருக்கின்றன. அதையே நாங்கள் மறுபடியும் மின்சாரம் செலவழித்துக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறோம்.

வெளியிடும் குறிப்பேடு அழகாக இருக்க வேண்டியதில்லை. வேலை செய்த வெப்பநிலையில் ஒவ்வொரு கூறின் பாகுத்தன்மை, உலர்த்திய நேரம், எஞ்சிய ஈரம், வினையூக்கி எச்சம், திருகு வரிசை, எந்தப் பொருள் எந்த வாயிலில் நுழைந்தது, உருகிய நிலையில் கழிந்த நேரம், எக்ஸ்ட்ரூடரிலிருந்து வந்தவுடன் ஒரு நுண்ணோக்கிப் படம், வார்த்த பிறகு இன்னொன்று. இரண்டாவது படத்தைப் பலரும் எடுப்பதே இல்லை. வார்ப்பு அச்சுக்குள் துளிகள் மீண்டும் கூடிப் பெருத்துப்போவது அதில்தான் தெரியும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் போன்ற பாலிஓலிஃபினையும் நைலானையும் சேர்க்க நீங்கள் முயன்று கைவிட்ட இணக்கிகளிலிருந்து தொடங்கலாம். காப்புரிமைக் காலம் முடிந்தவை அவற்றில் ஏராளம். பல அடுக்கு உணவுப் பொதிப் படலங்களை மறுசுழற்சி செய்கிறவர்களுக்கு அந்தத் தரவு இப்போதே தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
ஒரு கலவைப் பொறியாளர்