முகம் கழுவத் தண்ணீர்

சுங்கை சிப்புட்

அன்புள்ள மகளுக்கு,

எத்தியோப்பியாவில் அம்ஹாரா பக்கம் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று தம்பி சொன்னான். வேளைக்குச் சாப்பிடு.

நீ அங்கே தடுக்கப் போயிருக்கிற டிரக்கோமா என்கிற கண்நோய் பற்றி நீ சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்பு. பிள்ளைகளின் கண்ணிலும் மூக்கிலும் வடிவதில் இருக்கிற கிருமி கை, துணி, ஈ வழியாக அடுத்தவர் கண்ணுக்குப் போகிறது. சின்ன வயதிலிருந்து திரும்பத் திரும்ப வந்தால் இமையின் உள்பக்கம் தழும்பாகிச் சுருங்கி, முடி உள்ளே திரும்பி, இமைக்கும்போதெல்லாம் கருவிழியை உரசுகிறது. வலி தாங்காமல் பெண்கள் அந்த முடியைப் பிடுங்கிக்கொள்கிறார்களாமே! ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் இது அதிகம். பிள்ளைகளோடு எந்நேரமும் இருப்பது அவர்கள்தானே.

அதனால்தான் சொல்கிறேன். பிள்ளையின் முகம் அழுக்காக இருக்கிறது என்று எந்தத் தாயையும் ஏசாதே. தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, யார் சுமந்து வருகிறார்கள் என்று முதலில் கேள். நான் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் வேலைக்காரர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வரிசை வீடுகள் கொண்ட ஒரு லயத்துக்கே ஒரு பைப்புதான். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்க, ஓட வேண்டியவள், தூங்குகிற பிள்ளையை அப்படியே என் கையில் கொடுத்துவிட்டுப் போவாள். ஒரு பிள்ளைக்குக் கண்ணு நோவு வந்தால் அந்த வாரமே மற்றதுகளுக்கும் வந்துவிடும். அது டிரக்கோமா இல்லை, ஆனால் பரவுகிற வழி இதே கையும் துண்டும்தான். வீட்டுக்கு வீடு பைப்பு வந்த பிறகு ரொம்பக் குறைந்தது. அதற்கு முன் அந்தத் தாய்மார்களுக்குப் பிள்ளைமேல் அக்கறை இல்லாமலா இருந்தது?

மருந்தும் வேண்டும்தான். அசித்ரோமைசின் ஆண்டுக்கு ஒரே வேளை, அதுவும் பிள்ளையின் உயரத்தைக் கோலால் அளந்து கொடுப்பது நல்ல யோசனை. தராசைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைய வேண்டாம். நேபாளம் 2018-இலும் இந்தியா 2024-இலும் இதைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் ஆக்கிவிட்டன என்று உலகச் சுகாதார நிறுவனமே அறிவித்திருக்கிறது. அங்கேயும் முடியும். ஆனால் தண்ணீரும் கக்கூசும் இல்லாமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் நோய் மறுபடி வரும். வெட்டவெளியில் கிடக்கிற மலத்தில்தான் அந்த ஈ முட்டையிடுகிறது.

அப்புறம், உள்ளே திரும்பிய முடியைச் சரிசெய்கிற இமை ஆபரேஷனுக்குப் பயப்படுகிற பாட்டிமாரிடம், அதைச் செய்துகொண்டு சுகமானவள் ஒருத்தியைக் கூட்டிப்போய்ப் பேசச் சொல். கிணறு எங்கே தோண்டுவது என்று ஊர்க்கூட்டம் நடக்கப்போகிறது என்றாயே, குடம் சுமக்கிற பெண்களையும் அதில் உட்காரவைத்துக் கேளுங்கள்.

அன்புடன்,
அம்மா